கத்தி எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று கேட்பதற்கு முன்

போன வருடம் நல்லூர்க் கொடியேறிய கிழமையில் ரொறன்ரோவிலிருந்து அண்ணாவின் செய்தி வந்தது. அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றுவதென்றால் முன்பக்கத்தால்தான் செய்விக்க வேண்டும், பின்பக்கத்தால் வெட்ட விடவே கூடாது என்று எழுதி, மூன்று காணொளிகளையும் அனுப்பியிருந்தார். ஒன்றில், சத்திரசிகிச்சை முடிந்த அன்றே ஒருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடைபாதையில் நடக்கிறார். அன்று இரவே குடும்பக் குழுமத்தில் அண்ணி, லண்டன் மாமா, மாமாவின் மகள் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அந்தக் குழுமத்தில் இல்லை. யாருடைய இடுப்போ அவர் முற்றத்துக் கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே மனத்தில் கிடக்கிறது. இந்த மாதம் மட்டும் இரண்டு பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முன்பக்கமா பின்பக்கமா? எது நல்லது?

எங்கள் கதையை முதலில் சொல்கிறேன். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. மூன்று வருடங்களாக முழங்கால் வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் முழங்காலுக்கே எண்ணெய் தேய்த்தோம், முழங்காலுக்கே உறை வாங்கிப் போட்டோம், முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய் முழங்காலுக்கே பத்துப் போட்டோம். ஓரிடத்தில் முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து மாத்திரை தந்து அனுப்பினார்கள். இடுப்பு மூட்டுத் தேய்ந்தால் அதன் வலி முழங்காலில் வந்து தெரியலாம் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்த எலும்பு வைத்திய நிபுணர் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, வலது காலை மடித்துப் பாதத்தை வெளியே தள்ளித் தொடையை மெல்ல உட்பக்கமாகத் திருப்பினார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் வளைந்துவிட்டது. "முழங்கால் அல்ல அம்மா, இடுப்பு" என்றார். மூன்று வருடம் வீணாகப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. தொடையிடுக்கில் வலி, செருப்பு மாட்டக் குனிய முடியாமை, காலை உட்பக்கம் திருப்ப முடியாமை: இவை இருந்தால் தயவுசெய்து இடுப்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பக்கக் கணக்குக்கு வருகிறேன். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் புதைந்திருக்கிறது. அதைச் சுற்றித் தடித்த உறை, அதற்கு மேல் தசைகள். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் தேய்ந்த தலையை வெட்டி எடுத்துச் செயற்கைத் தலையையும் கிண்ணத்தையும் வைக்கலாம். நிபுணர் அம்மாவின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் படம் கீறிக் காட்டினார். ஓர் அறை, அதற்கு மூன்று வாசல்.

பின்வாசலால் போனால், பிட்டத்தின் பெரிய தசையை நார் போகும் திசையிலேயே பிரித்து, தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளை எலும்பிலிருந்து விடுவித்து உள்ளே போகிறார்கள். நடக்கும்போது இடுப்பைத் தாங்கும் முக்கியமான தசையில் கை படுவதில்லை. ஆனால் மூட்டின் பின்பக்கம் கொஞ்ச நாளைக்குப் பலவீனமாக இருக்கும். அதனால் மூட்டு பின்பக்கமாக விலகும் அபாயம் உண்டு. உறையையும் சிறு தசைகளையும் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைத்துவிடும் வழக்கம் வந்தபிறகு அந்த அபாயம் நன்றாகக் குறைந்துவிட்டது. பெரிய இடுப்பு நரம்பும் அந்தப் பக்கத்தால்தான் போகிறது. பக்கவாசல், 1982இல் ஹார்டிங் என்பவர் விவரித்த முறை. மூட்டு விலகுவது குறைவு. ஆனால் இடுப்பைத் தாங்கும் அந்தத் தசையின் ஒரு பகுதியை விடுவிக்க வேண்டும். அது சரியாக ஒட்டாவிட்டால் சாய்ந்து சாய்ந்து நடக்க நேரலாம். முன்வாசலில் தசைகளை வெட்டாமல் இரண்டு தசைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியால் போகலாம். முதல் கிழமைகளில் வலி குறைவு, நடையும் கொஞ்சம் முந்தி வரும். ஆனால் தொடை எலும்பை மேலே தூக்கிச் செயற்கைத் தலையைத் தாங்கும் தண்டை அதற்குள் இறக்குவது கடினம்; பழகாத கையில் எலும்பு வெடிக்கலாம். தொடையின் வெளிப்புறத் தோலுக்குப் போகும் நரம்பு அந்த வழியில் இருப்பதால் சிலருக்கு அங்கே விறைப்பு வரும். வயிறு மடிந்து தொங்குபவர்களுக்குக் காயம் அந்த மடிப்புக்குக் கீழே அகப்படும். எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது சின்ன விஷயம் அல்ல.

முன்பக்க முறை புதிய கண்டுபிடிப்பு என்றே பலர் நினைக்கிறார்கள், அண்ணாவும் அப்படித்தான் நினைத்தார். சிமித் பீட்டர்சன் என்ற வைத்தியர் அந்த வழியை எழுதியது 1917இல். இன்றைய இடுப்பு மாற்றத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஜோன் சார்ன்லி, 1962இல் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் உலோகத் தலையையும் பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக் கிண்ணத்தையும் வைக்கத் தொடங்கியபோது, பக்கவாட்டில் தொடை எலும்பின் மேட்டையே அறுத்துத் திறந்து, பிறகு கம்பியால் கட்டினார். அத்தனை பெரிய வெட்டு. அப்படிச் செய்த மூட்டுகளிலும் பல இருபது, இருபத்தைந்து வருடங்கள் உழைத்திருக்கின்றன. மூட்டு நீடிப்பதற்கு அது எந்தக் கோணத்தில் உட்கார்ந்தது, எலும்போடு எப்படிப் பிடித்தது, கிருமி தொற்றாமல் இருந்ததா என்பவை வாசலைவிடப் பெரியவை என்று நான் விளங்கிக்கொண்டது இங்கேதான்.

அண்ணா ஒன்ராறியோவில் இருப்பதால் அந்த மாகாணத்துக் கணக்கையே அவருக்கு அனுப்பினேன். 2015 முதல் 2018 வரை அங்கே இடுப்பு மாற்றியவர்களை வைத்துச் செய்த ஆய்வு, 2020இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடத்துக்குள் பெரிய சிக்கல், அதாவது சத்திரசிகிச்சை தேவைப்பட்ட ஆழமான தொற்று, மூட்டு விலகல், மறுபடி திறக்க நேர்ந்தது எல்லாம் சேர்த்து, முன்பக்க முறையில் நூற்றுக்கு 2 பேர், பக்க, பின்பக்க முறைகளில் நூற்றுக்கு 1 பேர். இதைக் காட்டி முன்பக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தால் செய்தாலும் பெரும்பாலானோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. முன்பக்கத்தின் ஆதாயம் தொடக்கத்து வாரங்களில்தான் தெரிகிறது. மாதங்கள் போகப்போக எல்லோருடைய நடையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. காணொளிக்காரர் நடந்தது முதல் நாளில். அம்மாவுக்கு வேண்டியது மிச்சமுள்ள வருடங்கள்.

அண்ணாவின் விருப்பத்தை மறைக்காமல் நிபுணரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பதினைந்து வருடமாகப் பின்பக்கத்தால் செய்கிறேன், தங்கச்சி. முன்பக்கத்தால் செய்பவர்களோடு சிலவற்றில் நின்றிருக்கிறேன். உங்கள் அம்மாவை வைத்து நான் அதைப் பழக மாட்டேன்" என்றார். எத்தனை இணையப் பக்கங்கள் வாசித்தும் கிடைக்காத பதில் அந்த ஒரு வசனத்தில் கிடைத்தது. முன்பக்க முறை கைவர ஐம்பது, நூறு என்று செய்து பழக வேண்டும் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். அந்த முதல் ஐம்பதுக்குள் யாருடைய அம்மா இருக்கப்போகிறார் என்பதுதான் கேள்வி. முன்பக்கத்தால் நூற்றுக்கணக்கில் செய்த கை ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் தயங்காமல் அங்கே போங்கள். ஆனால் "எனக்கு முன்பக்கத்தால்தான் வேண்டும்" என்று ஒரு வைத்தியரை அவருக்குப் பழகாத வாசலுக்குள் தள்ளாதீர்கள். கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் தொலைபேசியில் விசாரித்தபோது, தசை வெட்டமாட்டோம், ஒரு கட்டுப்பாடும் இல்லை என்று கட்டணத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். அம்மாவின் வயதைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

எங்கள் நிபுணர் கேட்டது வேறு. என்னிடமும் கேட்கவில்லை. கதிரையை அம்மாவின் பக்கம் இழுத்து வைத்து, "விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்வீர்கள் அம்மா?" என்று கேட்டார். அம்மா முதலில் வெட்கப்பட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முற்றம் கூட்டுவது. துருவலையில் குந்தித் தேங்காய் துருவுவது. குந்து கழிவறை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சப்பணம் கட்டி இருந்து தேவாரம் பாடுவது. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நல்லூரில் அடியழிக்கிற நேர்த்தி ஒன்று மிச்சம் இருக்கிறது, டொக்டர்" என்றார். அடி எடுத்து வைக்குமிடமெல்லாம் விழுந்து கும்பிட்டபடி வீதி சுற்றும் நேர்த்தி அது. அப்பா வைத்தியசாலையில் இருந்தபோது அம்மா வைத்தது. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முதல் மூன்று மாதம் இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடிக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உட்பக்கம் திருப்பக் கூடாது, தாழ்ந்த இருக்கையில் இருக்கக் கூடாது. குந்துவதை அதற்குப் பிறகும் விட்டுவிடுவதே நல்லது. துருவலையை மேசைக்கு மாற்றலாம். கோயிலில் கதிரை. அடியழிப்பை மட்டும், "முருகன் நின்றபடி கும்பிட்டாலும் ஏற்றுக்கொள்வார் அம்மா" என்றார். அம்மா அழுதார். அழுதுவிட்டு, "அப்படியென்றால் செய்யுங்கள்" என்றார். முடிவு அந்த இடத்தில்தான் எடுக்கப்பட்டது, அம்மாவால்.

இதில் எனக்கொரு பழைய ஆற்றாமையும் கிளம்புகிறது. 1840களின் இறுதியில் மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், இதே மண்ணில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் அன்றே தமிழில் நூல்களாயின. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், கிளினிக்கில் எங்கள் தாய்மார் ஒரு சொல்லும் விளங்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். விளக்கமெல்லாம் ஆங்கிலம் தெரிந்த மகனுக்கும் மருமகனுக்கும் போகிறது. வைத்தியர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும், விடுதி நிரம்பி வழிவதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு படம் கீற இரண்டு நிமிடம் போதும்.

அரச வைத்தியசாலையில் வைத்தியரைத் தெரிவு செய்யும் வசதி எல்லோருக்கும் இல்லை. கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. நீங்கள் வழக்கமாக எந்தப் பக்கத்தால் செய்வீர்கள், வருடத்தில் எத்தனை செய்வீர்கள், உறையைத் திரும்பத் தைப்பீர்களா, வீட்டில் எதை எத்தனை நாள் செய்யக் கூடாது, பயிற்சி யார் சொல்லித் தருவார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் வைத்தியரை நான் சந்திக்கவில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர்களின் கதை வேறு. அது அவசரம், தலையை மட்டும் மாற்றும் அரை மாற்றமாகவும் இருக்கலாம். அதற்குப் பின்பக்கத்தைவிட முன்பக்கவாட்டு வழியை (அண்ணா சொன்ன முன்பக்கம் அல்ல, பக்கவாட்டில் சற்று முன்னால் போகும் வழி) முன்வைத்தது, சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் பிரித்தானிய நைஸ் அமைப்பின் 2011 வழிகாட்டி. தேய்மானத்துக்காகத் திட்டமிட்டுச் செய்யும் மாற்றத்துக்கு அதே அமைப்பு 2020இல் பின்பக்கம், முன்பக்கவாட்டு இரண்டையுமே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒருவருக்குச் செய்ததை வைத்து இன்னொருவருக்கு விதி எழுத முடியாது.

அம்மாவுக்குப் பின்பக்கத்தால் செய்தார்கள். மறுநாள் இயன்மருத்துவர் எழுப்பி வோக்கரோடு நிற்க வைத்தார். வீட்டில் கட்டில் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து உயர்த்தியிருந்தோம். கழிவறைக்கு உயர்ந்த கமோட் கதிரை, இரவில் இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் தலையணை. பத்தொன்பதாம் நாள் விளக்கு வைக்கும்போது கற்பூரப் பெட்டி நிலத்தில் விழுந்தது. கதிரையில் இருந்த அம்மா பழக்கத்தில் சட்டென்று குனியப் போனார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து தோளைப் பிடித்து நிறுத்தினேன். இருவருக்கும் நெஞ்சு இடித்தது. அதன்பிறகு மூன்று மாதம் முடியும்வரை வீட்டில் கீழே விழுந்த எதையும் அம்மா பார்க்கவே இல்லை, பூ விழுந்தாலும் "பிள்ளை!" என்று என்னைக் கூப்பிடுவார்.

இந்த வருடத் தேருக்கு அம்மா மேற்கு வீதியில் வேலியோரமாக நின்றார். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, தேர் கடக்கும்வரை இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி நின்றார். அடியழிக்கும் பெண்கள் எங்களைக் கடந்து போனபோது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இடது பக்கமும் மெல்ல நோகத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் எக்ஸ்ரே. அண்ணாவிடம் சொன்னேன். குழுமத்தில் எதுவும் போடாமல், நேரே வீட்டுக்கு அழைத்து, "அம்மா, நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள்?" என்று கேட்டார். இருவரும் ஒரு மணித்தியாலம் பேசினார்கள்.