பேஞ்சோ சத்தம் கேட்டதும் நின்றுபோன கூட்டம்

ஸ்வீடன் நாட்டு டிஜே அவீச்சியின் 'வேக் மீ அப்' பாட்டு முதன்முதலில் மேடையேறிய பதிவை நேற்று ராத்திரி திரும்பப் பார்த்தேன். 2013 மார்ச், மயாமி, அல்ட்ரா இசைவிழா. இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எலெக்ட்ரானிக் நடன இசைக்கு உலகத்தில் இருக்கிற பெரிய மேடைகளில் ஒன்று அது. கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது. நடுவில் கித்தாரும், அமெரிக்க நாட்டுப்புற இசையில் வரும் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியமுமாக ஆட்கள் மேடைக்கு வருகிறார்கள். அமெரிக்கப் பாடகர் அலோ பிளாக் பாடுகிறார். புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசையின் பாடகர் டான் டிமின்ஸ்கி வருகிறார். எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்த மேக் டேவிஸ் வருகிறார், அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆடவந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிலர் ஊளையிட்டார்கள். 'இது எங்கள் இசையே இல்லை' என்று இணையத்தில் ஏச்சு கிளம்பியது. அந்த மேடையில் நின்ற அவீச்சிக்கு, நிஜப் பெயர் டிம் பெர்க்லிங், வயது 23.

நான் பல வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். ஒரு கோயில் திருவிழாவில் வரிசையாகக் குத்துப்பாட்டு போய்க்கொண்டிருந்தபோது பழைய மெலடி ஒன்றை எடுத்தோம். பல்லவி முடியும் முன்னே "பாட்ட மாத்துங்கப்பா!" என்று பின்னாலிருந்து குரல். அப்புறம் இன்னொரு குரல், விசில். என் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போனது. பாடிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். கண்ணாலேயே "வாசி" என்றார். சரணம் முடிகிறவரை நான் தலை நிமிரவில்லை. எங்கள் எதிரில் இருந்தது சில நூறு பேர். அந்தப் பையன் எதிரில் நின்ற கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று ஊளையிட்டவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவர்களை ஆட வைத்த அவீச்சியின் முந்தைய பாட்டு 'லெவல்ஸ்'; அதில் வரும் குரல் யாருடையது? அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் 1962இல் பாடியது. தேவாலயப் பாட்டின் வாசனை அடிக்கிற அந்தக் குரலைத்தான் பெர்க்லிங் வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார். அதற்கு இரண்டு வருஷம் குதித்தவர்கள், அதே மண்ணின் இன்னொரு பழைய சத்தம் பேஞ்சோவாக நேரில் வந்ததும் துரோகம் என்றார்கள். வெட்டி ஒட்டிய சாம்பிளாக வந்தால் சரி, ஆளாக வந்தால் ஆகாதா? பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கிறது. ஒரு பாட்டு முடிகிறவரைக்கும் பொறுக்கலாமே.

பாட்டு ஜூனில் வெளிவந்தது. பிரிட்டனில் முதல் வாரமே 2,67,000 பிரதிகள் விற்று முதலிடம். அமெரிக்காவில் நான்காம் இடம்வரை போனது. மார்ச்சில் அப்படிப் பேசியவர்களில் எத்தனை பேர் ஜூலையில் கூடவே பாடினார்களோ!

அந்த வெற்றியிலும் ஒரு முள் இருக்கிறது. பாட்டின் பெயரோடு அலோ பிளாக்கின் பெயர் போடப்படவில்லை. வரிகளை எழுதியவரும் அவர், பாடியவரும் அவர். பண்டோரா இணைய வானொலியில் 16.8 கோடி தடவைக்கு மேல் ஒலித்த பாட்டுக்கு, எழுதியவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் சேர்த்து வந்தது 12,359 டாலர் என்று 2014இல் அவரே எழுதினார். அவர் பங்கு நாலாயிரம் டாலர்கூட இல்லை. மேடைக் கலைஞன் என்ற முறையில் எனக்கு அந்த ஊளையைவிட இந்தக் கணக்குதான் அதிகம் வலிக்கிறது.

பெர்க்லிங் 2016இல் மேடையை விட்டார். 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில் இறந்தபோது வயது 28.

'கித்தார் பாட்டுக்கு அடியில் பீட்டைப் போட்டால் போதுமா' என்று இப்போதும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்வேன். இதே பாட்டை அலோ பிளாக் வெறும் கித்தாரோடு தனியாகவும் பாடி வெளியிட்டிருக்கிறார். முதலில் அதைக் கேளுங்கள். இன்குபஸ் ராக் குழுவின் மைக் ஐன்சிகர் கித்தாரில் பிடித்த நாலே நாலு கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்): பி மைனர், ஜி, டி, ஏ. நானே கீபோர்டில் வாசித்துப் பார்த்திருக்கிறேன், அதுவே தனியாக நிற்கிற பாட்டுதான். அப்புறம் பெர்க்லிங்கின் பாட்டைப் போடுங்கள். குரல் ஓய்ந்து, பீட் முழு வேகத்தில் இறங்குகிற 'டிராப்' இடத்தில் சிந்தசைசர் ஓடுகிற ஓட்டத்தைக் கவனியுங்கள். கிராமத்துப் பிடில்காரர் ஒருவர் ஆட்டத்துக்கு வாசிக்கிற ஓட்டம் அது. பேஞ்சோவுக்கு அங்கே என்ன வேலை என்று அதற்கப்புறம் கேட்கத் தோன்றாது.