ஹ்யூகோ சான்செஸைக் குறை சொல்வதற்கு முன் 1988-ஐக் கொஞ்சம் பாருங்கள்

மெக்சிகோ கால்பந்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் வந்து இதைச் சொல்லிவிடுவார்: "ஹ்யூகோ சான்செஸ் கிளப்புக்குப் புலி, நாட்டுக்கு எலி. மூன்று உலகக் கோப்பை ஆடி ஒரே ஒரு கோல்." கணக்கு சரிதான். 1978, 1986, 1994 மூன்றையும் சேர்த்தால் 8 ஆட்டம், 1 கோல். ஆனால் அந்த வரிசையில் 1990 ஏன் இல்லை என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு வயிறு எரிவது அந்த இடத்தில்தான்.

1989-90 சீசனில் ரியல் மாட்ரிட்டுக்காக ஸ்பெயின் லீகான லா லிகாவில் ஹ்யூகோ அடித்த கோல்கள் 38. டெல்மோ சாரா 1950-51-இல் வைத்த சாதனையை அத்தனை ஆண்டுகள் கழித்துத் தொட்டவர் அவர். அதைத் தாண்ட 2010-11-இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ வர வேண்டியிருந்தது. 38 என்ற எண்ணைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. அத்தனை கோலும் ஒரே தொடுகையில் அடித்தவை. பெனால்டிகள், ஃப்ரீ கிக் போன்றவையும் அதில் சேர்த்திதான், இருக்கட்டும். மற்றவற்றைப் பாருங்கள். பந்தை நிறுத்தி, சரிபார்த்து, இடம் பார்த்து அடிப்பது என்ற பேச்சே கிடையாது. சக வீரர் மிச்செல் வலது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போட, அதாவது கிராஸ் போடக் காலைத் தூக்கும்போதே இவர் நகர ஆரம்பித்திருப்பார். தடுப்பாளர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் அவர் முதுகுப் பக்கத்திலிருந்து முன்னால் வந்துவிடுவார். பந்து வந்து சேரும்போது உடம்பு ஏற்கெனவே திரும்பி, எந்தக் கால், எந்தப் பக்கம் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். பந்துக்காகக் காத்திருக்கும் ஃபார்வர்ட் உண்டு, பந்தைத் துரத்தும் ஃபார்வர்ட் உண்டு. பந்து வரும் முன்னரே வேலையை முடித்து வைத்திருக்கும் ஃபார்வர்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த சீசனோடு அவருக்கு ஐந்தாவது பிச்சிச்சி, அதாவது ஸ்பெயின் லீகில் அதிக கோல் அடித்தவருக்கான விருது. முதல் பிச்சிச்சி 1984-85-இல் அட்லெட்டிகோ மாட்ரிட்டில். அதே 1985-இல் அத்லெடிக் பில்பாவோவுக்கு எதிரான கோபா தெல் ரே (ஸ்பெயின் கிளப்புகளின் கோப்பைப் போட்டி) இறுதியாட்டத்தை 2-1 என்று ஜெயித்தபோது இரண்டு கோலும் இவருடையவை. ஸ்பெயினுக்குப் போன புதிதில் எதிரணி ரசிகர்கள் இவரை "இந்தியோ" என்று கூவி அவமானப்படுத்திய காலம் அது. லத்தீன் அமெரிக்காவின் பூர்வகுடிகளை மட்டம் தட்டச் சொல்லும் வசவு. அப்படிக் கூவியவர்களுக்கு முன்னால்தான் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டார். அவருடைய அக்கா எர்லிந்தா ஜிம்னாஸ்ட், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மெக்சிகோவுக்காகக் கலந்துகொண்டவர். அதே ஒலிம்பிக்கில் தம்பி கால்பந்து அணியில். அப்புறம், பல்மருத்துவம் படித்தவரும்கூட, யூஎன்ஏஎம் பல்கலைக்கழகத்தில். அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியான பூமாஸில்தான் ஆட்டம் தொடங்கியது.

சரி, 1988-க்கு வருவோம்.

ஏப்ரல் 10, ரியல் மாட்ரிட்டின் சான்டியாகோ பெர்னபேவ் மைதானம், எதிரணி லோக்ரோன்யெஸ். இடது பக்கத்திலிருந்து மார்டின் வாஸ்கெஸ் கிராஸ் போடுகிறார். பந்து ஹ்யூகோவுக்குச் சற்றுப் பின்னால், உயரமாக வருகிறது. வேறு யாராக இருந்தாலும் இரண்டடி பின்வாங்கித் தலையால் எதையாவது முயன்றிருப்பார்கள். இவர் கோலுக்கு முதுகைக் காட்டியபடி எழும்புகிறார். உடம்பு கிட்டத்தட்ட தரைக்கு இணையாக வருகிறது, இடது கால் தலைக்கு மேலே போய்ப் பந்தைச் சந்திக்கிறது. பந்து வலைக்குள் போகும்போது கோல்கீப்பருக்கு என்ன நடந்தது என்பதே பிடிபடவில்லை. அரங்கம் முழுக்க வெள்ளைக் கைக்குட்டைகள். ஸ்பெயினில் காளைச் சண்டை அரங்குகளில் பெரிய வீரனுக்குக் காட்டும் மரியாதை அது. கொஞ்ச காலத்துக்கு முன் "இந்தியோ" என்று கேட்ட அதே நாடு.

இது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 30 அன்று ஃபிஃபா மெக்சிகோவை இரண்டு ஆண்டுகளுக்கு எல்லாப் போட்டிகளிலிருந்தும் தடை செய்தது.

காரணம் ஹ்யூகோ இல்லை, சீனியர் அணியே இல்லை. 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்று குவாத்தமாலாவில் நடந்தபோது, வயது கடந்த நான்கு பேரைச் சான்றிதழில் வயதைக் குறைத்து மெக்சிகோ கால்பந்துச் சம்மேளனம் ஆட வைத்திருந்தது. மாட்டிக்கொண்ட விதத்தைக் கேட்டால் கோபம் இன்னும் கூடும். சம்மேளனமே அச்சடித்த ஆண்டு மலரில் அந்த வீரர்களின் உண்மையான பிறந்த தேதி இருந்தது. ஒரு பத்திரிகையாளர் அதையும் போட்டிக்குக் கொடுத்த விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். பொய்யை ஒழுங்காக மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள் என்ற தெனாவட்டு. முதலில் தண்டனை இளையோர் அணியோடுதான் நின்றது. தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வதை விட்டுவிட்டு சம்மேளனம் மேலே முறையிடப் போனது. ஃபிஃபா விசாரித்துத் தடையை எல்லா அணிகளுக்கும் விரித்துவிட்டது. சியோல் ஒலிம்பிக்குக்கு மெக்சிகோ ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தது, அந்த இடம் குவாத்தமாலாவுக்குப் போனது. 1990 இத்தாலி உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் மெக்சிகோ கால் வைக்கவே இல்லை.

தடை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வயது மோசடியில் நஷ்டப்படுவது உண்மையான வயதோடு வந்து பெஞ்சில் உட்காரும் பையன்கள்தான். கடுமையான தண்டனை தேவைதான். என் கோபமெல்லாம் சம்மேளனத்தின் நாற்காலிகளில் இருந்தவர்கள் மேல். அவர்கள் செய்த வேலைக்கான விலையை, அதில் எந்த சம்பந்தமும் இல்லாத ஒருவர் தன் 31-ஆவது வயதில், ஐரோப்பாவிலேயே அதிக கோல் அடித்த ஆண்டில் கட்டினார்.

மெக்சிகோ கட்டாயம் தகுதி பெற்றிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வட, மத்திய அமெரிக்காவிலிருந்து போன இரண்டு அணிகள் கோஸ்டா ரிகாவும் அமெரிக்காவும். அமெரிக்காவுக்கு அது 40 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த உலகக் கோப்பை. கோஸ்டா ரிகாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் போரா மிலுட்டினோவிச். பூமாஸிலும் 1986 மெக்சிகோ அணியிலும் ஹ்யூகோவுக்குப் பயிற்சியாளராக இருந்த அதே போரா. அந்தச் சின்ன நாட்டு அணியை வைத்தே ஸ்காட்லாந்தையும் ஸ்வீடனையும் தோற்கடித்தார். ஹ்யூகோவின் ரியல் மாட்ரிட் தோழர்கள் புத்ரகென்யோ, மிச்செல், மார்டின் வாஸ்கெஸ் எல்லாரும் ஸ்பெயினுக்காக இத்தாலியில் ஆடினார்கள். மிச்செல் தென் கொரியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். சீசன் முழுக்க அவர் போட்ட கிராஸ்களை கோலாக்கியவருக்கு மட்டும் இத்தாலியில் இடமில்லை.

1986-ஐ மறைக்கவில்லை. சொந்த மண், அஸ்டெக்கா மைதானம். பெல்ஜியத்துக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அடுத்து பராகுவேயுடன் 1-1 என்று இருக்கும்போது கடைசி நேரத்தில் பெனால்டி கிடைத்தது. அடித்தவர் ஹ்யூகோ, தடுத்தார் கோல்கீப்பர். அது அவர் தவறுதான், அன்று மெக்சிகோ மக்களின் கோபமும் நியாயமே. ஆனால் அணி காலிறுதி வரை போய் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில்தான் தோற்றது. ஒரு பெனால்டியை வைத்து 20 ஆண்டு ஆட்டத்தை எடை போடுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். மெக்சிகோவுக்காக 58 ஆட்டம், 29 கோல். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல். நாட்டுக்காக அதிக கோல் அடித்த சிச்சரிட்டோ 109 ஆட்டத்தில் 52. விகிதத்தில் ஹ்யூகோ சற்று மேலேயே நிற்கிறார். பிரச்சினை 29-இல் இல்லை, அந்த 58-இல் இருக்கிறது. நாட்டு ஆட்டங்களுக்கு வீரர்களை விட்டே ஆக வேண்டும் என்று இன்றிருக்கும் ஏற்பாடு அன்று இல்லை. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நடக்கும் நட்பு ஆட்டத்துக்குத் தன் முக்கிய ஃபார்வர்டை அனுப்ப எந்த ஐரோப்பிய கிளப்புக்கும் மனசு வராது. அதற்கு மேல் இரண்டு ஆண்டுத் தடை. இத்தனையும் போக மிஞ்சிய ஆட்டங்கள்தான் 58.

அவர் சுலபமான ஆள் இல்லை. தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசுவார், சம்மேளனத்தோடு ஓயாமல் மோதுவார். பல மெக்சிகோ ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அந்த வாய்தான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த சம்மேளனத்தோடு மோதாமல் வேறு என்ன செய்வது என்பது என் கேள்வி.

ஐரோப்பிய லீகுகளில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் ஷூ விருதை 1990-இல் ஹ்யூகோ தனியாக வாங்கவில்லை. பல்கேரியாவின் ஹ்ரிஸ்டோ ஸ்டாய்ச்கோவும் 38 கோல் அடித்திருந்ததால் இருவருக்கும் கொடுத்தார்கள். பல்கேரியாவும் அந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. ஆக, அந்த ஆண்டு ஐரோப்பாவில் அதிக கோல் அடித்த இருவருமே இத்தாலியில் இல்லை. ஆனால் ஸ்டாய்ச்கோவுக்கு வயது 24, இன்னொரு வாய்ப்பு வரும். வந்தது.

1994 ஜூலை 5, நியூ ஜெர்சியில் ஜயன்ட்ஸ் ஸ்டேடியம், இரண்டாம் சுற்று, மெக்சிகோவும் பல்கேரியாவும். ஆறாவது நிமிடத்தில் ஸ்டாய்ச்கோவ் கோல் அடித்தார். கார்சியா ஆஸ்பே பெனால்டியில் சமன் செய்தார். லூயிஸ் கார்சியா வெளியேற்றப்பட்டு மெக்சிகோ பத்துப் பேரோடு கூடுதல் நேரம் வரை இழுத்தது. பெஞ்சில் ஹ்யூகோ, 36 வயதாக ஆறு நாள் பாக்கி. லா லிகாவில் 234 கோல் அடித்தவர், அந்த சீசனில்கூட ராயோ வயெக்கானோவுக்காக 16 கோல் அடித்துவிட்டு வந்தவர். கால்கள் களைத்துத் தடுமாறும் அணிக்கு ஒரே தொடுகையில் கோல் அடிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்ப அதைவிட நல்ல நேரம் இருக்க முடியாது. பயிற்சியாளர் மிகேல் மெஹியா பரோன் அவரை இறக்கவில்லை, யாரையுமே மாற்றவில்லை. பெனால்டியில் 3-1 என்று மெக்சிகோ வெளியே போனது. ஸ்டாய்ச்கோவ் அந்த உலகக் கோப்பையை 6 கோலோடு முடித்து, ரஷ்யாவின் சலென்கோவுடன் சேர்ந்து அதிக கோல் அடித்தவரானார்.

"நாட்டுக்கு எலி" என்று எழுதும் நண்பர்களே, அந்த 38 கோல்களின் வீடியோ யூட்யூபில் கிடைக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம். மெக்சிகோவை ஏமாற்றியவர்களைத்தான் தேட வேண்டுமென்றால், 1988-இல் அந்த விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டவர்களிடமிருந்து தொடங்குங்கள்.