ஓவன் காயில் விலைபோகாதவரா?

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் நம் சென்னையின் எஃப்சி அணி தோற்றால் போதும், கிருஷ்ணகிரியில் எங்கள் கால்பந்து நண்பர்கள் வாயில் ஒரே வசனம்தான்: "வெளிநாட்டில் விலைபோகாத பயிற்சியாளர்கள்தான் இங்கே வந்து இறங்குகிறார்கள்." சொல்பவர்களில் பாதிப்பேர் பெங்களூரு எஃப்சி ரசிகர்கள். நமக்குச் சென்னையைவிடப் பெங்களூருவின் கண்டீரவா மைதானம்தானே பக்கம்! 2018 இறுதிப்போட்டியில் சொந்த மண்ணிலேயே நம்மிடம் 2-3 என்று தோற்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை போலும்.

யாரைச் சொன்னாலும் விட்டுவிடுவேன், நம் அணிக்கு இரண்டு முறை பயிற்சியாளராக இருந்த ஓவன் காயிலைச் சொன்னால் விடமாட்டேன்.

ஸ்காட்லாந்தில் பிறந்த முன்கள ஆட்டக்காரர். அயர்லாந்து தேசிய அணிக்கு ஆடியது ஒரே ஓர் ஆட்டம். ஆனால் ஆடிக்கொண்டிருந்தபோதே, 2003இல், ஃபால்கிர்க் அணியின் பயிற்சிப் பொறுப்பையும் இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். (ஓசூர், தருமபுரிப் பக்கம் நன்றாக ஆடுகிறவர்கள் முழங்கால் போன பிறகுதான் பயிற்சியாளர் ஆவதைப் பற்றி யோசிக்கிறார்கள். பயிற்சியாளருக்கான டி உரிமம் வாங்கச் சொன்னால் சிரிக்கிறார்கள்.)

பிறகு இங்கிலாந்தின் பர்ன்லி. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். அந்த அணியை 33 ஆண்டுகளுக்குப் பிறகு, 2009இல், இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் ஏற்றினார். அந்த ஆகஸ்டிலேயே நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட் பர்ன்லியிடம் 0-1 என்று தோற்றது. அடுத்த ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி ரசிகர்கள் அவரை யூதாஸ் என்றார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். போல்டன் 2012இல் இரண்டாம்நிலை லீக்குக்குக் கீழிறங்கியது. பிறகு விகன், ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி என்று அணி அணியாகப் போனார், எங்கும் நிலைக்கவில்லை.

நண்பர்கள் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

2019 டிசம்பரில் அவர் வந்தபோது சென்னையின் அணி ஐஎஸ்எல் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. ஆட்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தவர்களேதான்: வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே. பந்து காலில் பட்டதும் முன்னோக்கிப் பாயும் வேகம்தான் புதிது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று தாண்டினார்கள். கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 தோல்வி.

தோற்ற இறுதிப்போட்டியா சாதனை என்பார்கள். சரி, அடுத்து அவர் பயிற்சி அளித்த ஜாம்ஷெட்பூர் அணியைப் பாருங்கள். சென்னையினிலிருந்து அங்கே போயிருந்த வால்ஸ்கிஸே 2021-22 பருவத்தின் பாதியில் அணியைவிட்டுப் போனார். அப்படியும் கடைசி லீக் ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானை 1-0 என்று வென்று, லீக் பட்டியலில் முதலிடம் பிடிப்பவர்களுக்கான கேடயத்தைத் தூக்கினார்கள். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்த லீக் இது. பணத்தைக் கொட்டி ஆள் சேர்த்து ஜெயிப்பது எளிதல்ல. கையில் இருப்பவர்களை வைத்துத்தான் பெரும்பாலும் சமாளிக்க வேண்டும். என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் பர்ன்லியைவிடப் பெரிய வேலை இதுதான்.

2023இல் மீண்டும் சென்னையினுக்கு வந்தார். முதல் பருவத்தில் பிளே-ஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்று) வரை போனோம், அடுத்த பருவத்தில் அதுவும் இல்லை. அதற்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.