ஒரு நீல நிறமும் ஓர் எக்செல் தாளும்

போன வாரம் நான் வகுப்பெடுத்ததை விட எக்செல் நிரப்பியதுதான் அதிகம். தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் எந்தக் கல்லூரியிலும் நடக்கிற கூத்துதான். யாருக்கு எத்தனை பேப்பர் (ஆய்வுக் கட்டுரை), அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையான சைட்டேஷன் எத்தனை, இரண்டையும் சேர்த்துப் போடும் ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் போட வேண்டும். எல்லாம் முடிந்தபின் யாரோ ஒரு புண்ணியவான் சைட்டேஷன் எண்ணை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டார். அப்படியே எல்லாருக்கும் மெயிலும் போய்விட்டது.

மேலே முழுக்க மெட்டீரியல் சயின்ஸ்காரர்கள். நடுவில் நாங்கள், உயிர்வேதியியல். கடைசி வரியில் உளவியல் மேடம், 41 சைட்டேஷனோடு. தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்புதான் அவருடைய ஆய்வு.

மறுநாள் டீ நேரத்தில் அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சார், ஒரு குழந்தைக்கு ஒரு வயசு ஆகணும்னா ஒரு வருஷம் ஆகத்தான் செய்யும். அதை நான் அவசரப்படுத்த முடியுமா?" என்றார். அந்தக் கேள்வி இரண்டு நாளாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்திலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் எது தெரியுமா? ஐன்ஸ்டைனுடையது இல்லை. டிஎன்ஏ இரட்டைச் சுருளும் இல்லை. 1951-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த ஆலிவர் லௌரியும் இன்னும் மூன்று பேரும் எழுதியது. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். 2014-இல் நேச்சர் இதழ் முதல் நூறு பேப்பர்களின் பட்டியலை வெளியிட்டபோது அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள். இரண்டாவது இடத்தில் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் லேம்லியின் ஜெல், மூன்றாவது புரதத்தை அளக்கும் இன்னொரு முறையான பிராட்ஃபோர்ட். மூன்றுமே நான் தினம் புழங்குகிற சமாசாரம்.

லௌரி முறையைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காரக் கரைசலில் தாமிரத்தைச் சேர்த்துப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். தாமிரம் புரதத்தின் பெப்டைடு பிணைப்புகளைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீல நிறம் தரும் ஃபோலின் கரைசல். இங்கேதான் முதுகலை முதலாமாண்டுப் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். ஃபோலின் காரத்தில் ரொம்ப நேரம் தாங்காது, சீக்கிரமே வீரியம் போய்விடும். அதனால் ஊற்றிய கையோடு அந்தக் குழாயைக் கலக்கிவிட வேண்டும். எல்லாக் குழாயிலும் ஊற்றி முடித்துவிட்டு ஒட்டுமொத்தமாகக் கலக்கலாம் என்று நினைத்தால், முதல் குழாயும் பத்தாவது குழாயும் ஒரே புரதத்துக்கு இரண்டு விடை சொல்லும். சரியாகச் செய்தால் அரை மணி நேரத்தில் வரிசையாக நீலம் ஏறி நிற்கும். இடமிருந்து வலமாக, வெளிர் நீலத்திலிருந்து மயில் கழுத்து நீலம் வரை. இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இது மகத்தான பேப்பர் இல்லை என்று லௌரியே பின்னாளில் எழுதியிருக்கிறார். இத்தனை பேர் மேற்கோள் காட்டுவதில் உள்ளுக்குள் ஒரு குஷி உண்டு என்றும் ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

ஆக, அந்த மூன்று லட்சம் எதைச் சொல்கிறது? இந்தக் கருவியை இத்தனை பேர் எடுத்துப் புழங்கினார்கள் என்று சொல்கிறது. ஊரில் எல்லார் வீட்டிலும் அரிவாள்மனை இருக்கிறது. அதற்காக ஊரிலேயே பெரிய ஆள் அரிவாள்மனை செய்தவர்தான் என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் எக்செல் போட்டுச் சொல்கிறோம்.

அதே நேச்சர் கட்டுரையில் ஒரு கணக்கு வரும். அப்போது மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளத்தில் இருந்தவை சுமார் 5.8 கோடிப் பதிவுகள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிளிமஞ்சாரோ மலை உயரத்துக்கு வருமாம். அதில் ஆயிரம் மேற்கோளுக்கு மேல் வாங்கியவை உச்சியில் ஒன்றரை மீட்டர். முதல் நூறு பேப்பர் ஒரு சென்டிமீட்டர். ஏறத்தாழ பாதி மலை, ஒரே ஒரு முறை மேற்கோள் பெற்றவை அல்லது அதுவும் பெறாதவை. உயர்வெப்பநிலை மீகடத்திகளை (மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள்களை) கண்டுபிடித்த பேப்பர், மறு வருடமே நோபல் வாங்கிக் கொடுத்த பேப்பர், அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் வரவில்லை. எங்கள் மெட்டீரியல் சயின்ஸ் சார்களுக்கு இதைச் சொன்னேன். "அப்படியா!" என்றுவிட்டு சமோசாவை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தத் துறையின் வேகமே வேறு. ஒரு நானோதுகளைத் தயாரித்து, எக்ஸ்ரே பிடித்து, நுண்ணோக்கிப் படம் எடுத்து, ஆறு மாதத்தில் எழுதி அனுப்பிவிடலாம். ஒவ்வொரு பேப்பருக்குப் பின்னாலும் அறுபது எழுபது ரெஃபரன்ஸ். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் அதே துகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். எல்லாரும் எல்லாருக்கும் மொய் எழுதும்போது மொய் நோட்டு தடிக்கத்தான் செய்யும். ஆள் அதிகமான ஊரில் மொய் அதிகம்.

பத்திரிகைகளின் இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கைப் பாருங்கள். ஒரு பத்திரிகை முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்டவற்றுக்கு இந்த வருடம் எத்தனை மேற்கோள் வந்தது என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். இரண்டே வருடம். உளவியல் மேடத்தின் பேப்பரைப் படித்துவிட்டு ஒருவர் நாளைக்கே புதிதாக ஆய்வு தொடங்குகிறார் என்று வையுங்கள். பிறந்த குழந்தைகளைத் தேட வேண்டும், வீட்டாரிடம் அனுமதி வாங்க வேண்டும், குழந்தைக்கு ஒரு வயது ஆக வேண்டும், அப்புறம் எழுத வேண்டும், அச்சாக வேண்டும். அதற்குள் இரண்டு வருடக் கதவு சாத்தியாகிவிடும். அவருடைய மேற்கோள் வந்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது.

பிணைப்பு ஆய்வின் தாய்வீடு என்றால் ஜான் போல்பி, மேரி எயின்ஸ்வொர்த் இருவரும்தான். எயின்ஸ்வொர்த் 1954-இல் உகாண்டாவுக்குப் போனதே கணவருக்கு அங்கே வேலை கிடைத்ததால். கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் 26 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்தார். எந்தக் குழந்தை அம்மா நகர்ந்ததும் அழுகிறது, எது தவழ்ந்து பின்னாலேயே போகிறது, திரும்பி வந்ததும் எது கையைத் தூக்குகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். புத்தகம் வெளிவந்தது 1967-இல். எங்கள் எக்செல்லில் அந்த இடைப்பட்ட வருடங்களுக்கு நேராக என்ன போட்டிருப்போம்? சுழியம்தான்.

பிறகு பால்டிமோரில் இன்னும் 26 குடும்பங்கள். குழந்தையின் முதல் வருடம் முழுக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு வீட்டுக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல். அதற்குப் பிறகுதான் எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் அந்த இருபது நிமிடச் சோதனை. விளையாட்டுப் பொருள் நிறைந்த, பழக்கமில்லாத ஓர் அறை. அம்மா இருப்பார், யாரோ ஒருவர் வருவார், அம்மா வெளியே போவார், திரும்பி வருவார். அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதை விட, அவர் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, தூக்கச் சொல்லிவிட்டுத் தூக்கினதும் உதைக்கிறதா.

அந்த இருபது நிமிடத்தை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், மேற்கோளும் போடலாம். அதற்கு அர்த்தம் கொடுத்தது அந்த எழுபது மணி நேரம். அதைத் தனியாக எந்தத் தரவுத்தளமும் எண்ணுவதில்லை. போதாக்குறைக்கு, போல்பி, எயின்ஸ்வொர்த் இருவரின் முக்கியமான வேலையெல்லாம் புத்தகமாக வந்தது. பத்திரிகைக் கட்டுரைகளை மட்டும் வரிசைப்படுத்தும் பட்டியலில் புத்தகம் நுழையவே முடியாது.

மேடம் செய்வதும் அதே வேலைதான், சின்ன அளவில். பாட்டி தூக்கி வளர்க்கிற வீடு, சித்தி மடியிலேயே தூங்குகிற பிள்ளை என்று நம் ஊர்க் குழந்தைக்கு நான்கு மடி இருக்கிறதே, அம்மா ஒருத்தியை மட்டும் வைத்துச் செய்த சோதனை இங்கே எவ்வளவு பொருந்தும் என்று பார்க்கிறார். நல்ல கேள்வி. 41 பேர் அதைக் கவனித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

எண்ணிக்கை எப்படியெல்லாம் ஆளை ஏமாற்றும் என்பதற்கு ஒரு கதை உண்டு. படிக வடிவங்களைக் கண்டுபிடிக்க ஷெல்எக்ஸ் என்று ஒரு மென்பொருள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதியது. 2008-இல் அவர் அதன் வரலாற்றை ஒரு கட்டுரையாக ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ பத்திரிகையில் எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இதையே மேற்கோளாகக் காட்டலாம் என்றும் அதிலேயே சொல்லிவிட்டார். உலகத்துப் படிகக்காரர்கள் எல்லாரும் காட்டினார்கள். அதுவரை 2 சொச்சத்தில் இருந்த அந்தப் பத்திரிகையின் இம்பாக்ட் ஃபேக்டர் 2009-இல் கிட்டத்தட்ட 50. நேச்சரையே தாண்டிவிட்டது! இரண்டு வருடக் கணக்கிலிருந்து அந்த ஒரு கட்டுரை வெளியேறியதும் மறுபடி 2 சொச்சம். பத்திரிகை அதே பத்திரிகை, ஆசிரியர் குழுவும் தாளும் மையும் அதேதான். அந்த இரண்டு வருடத்தில் அங்கே வேறு கட்டுரை எழுதியவர்கள் எல்லாம் "ஐம்பது இம்பாக்ட் ஃபேக்டர் பத்திரிகையில் எழுதியவர்" ஆனார்கள். அதில் யாராவது பதவி உயர்வு வாங்கியிருந்தால் ஷெல்ட்ரிக்குக் கோயில் கட்டலாம்.

மேற்கோள்களைத் திரட்டி அட்டவணை போடும் யோசனையை 1955-இல் முன்வைத்த யூஜீன் கார்ஃபீல்டின் நோக்கம், ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று நூல் பிடித்துத் தேட ஒரு வழி. அதற்கு முன்பே, 1948-இல், நம் சீர்காழிக்காரரான நூலகவியலாளர் ரங்கநாதன் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் நூலகப் பணிகளைக் புள்ளியியல் கொண்டு அளக்கும் ஒரு துறை வேண்டும் என்று பேசினார். இருவருக்கும் வாசகருக்கு உதவுவதுதான் குறி. ஆசிரியர்களை வரிசையில் நிற்க வைக்கிற வேலைக்கு அது பிறகு வந்து சேர்ந்தது. தன் அளவுகோல் ஆட்களை எடைபோடப் பயன்படுவது பற்றி கார்ஃபீல்டே பலமுறை எச்சரித்தார்.

வரிசை என்று வந்தபிறகு வரிசையில் முந்துகிற வித்தையும் வரும். "நான் உங்க பேப்பரைப் போடறேன், நீங்க என்னுதைப் போடுங்க" என்று நேராகவே கேட்கிறார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்கென்றே வாட்ஸ்அப் குழு இருந்தது. நானும் அதில் இருந்தேன். இரண்டு பேப்பருக்கு உபகாரமும் செய்திருக்கிறேன். வெட்கம்தான்.

மேற்கோள் போடுகிறவர்கள் அந்தப் பேப்பரைப் படிக்கிறார்களா என்பது வேறு கதை. 2003-இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் இதை அழகாகப் பிடித்தார்கள். பொருள்களின் நிலைமாற்றம் பற்றி 1973-இல் கோஸ்டர்லிட்ஸும் தௌலஸும் எழுதிய பேப்பர், பின்னால் நோபலுக்கு வழி வைத்த பேப்பர். அதற்கு வந்த சுமார் 4300 மேற்கோள்களில் 196-இல் பக்க எண், தொகுதி எண் என்று ஏதோ ஒரு பிழை. ஆனால் தனித்தனிப் பிழை என்று பார்த்தால் 45 தான். ஒரே ஒரு பிழை மட்டும் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 78 பேர் ஒரே மாதிரி கை தவறி இருக்க முடியாது. ஒருவர் பட்டியலிலிருந்து இன்னொருவர் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூலத்தைத் திறந்து பார்ப்பவர் ஐந்தில் ஒருவர்தான் இருப்பார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. லௌரி பேப்பரை நான் முழுதாகப் படித்தது முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடம் கழித்துத்தான். ஆய்வேட்டில் மேற்கோள் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. சனிக்கிழமை அலமாரி மேலிருந்து அந்த ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். லௌரியும் மற்றவர்களும், 1951, தொகுதி 193, பக்கம் 256.

சரியான பக்கம் 265.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய், நான் பார்த்து எழுதிய சீனியர் அண்ணனின் ஆய்வேட்டை எடுத்தேன். 256. அப்புறம் மேஜைக்கு வந்து, இந்த வருடம் சமர்ப்பிக்கப் போகிற என் மாணவி திருத்தக் கொடுத்திருந்த வரைவின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். நான் ஏற்கெனவே இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம். அதிலும் 256.