கடற்கதையின் நாயகிக்கு வாள் மட்டும் போதாது

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் நடக்கும் வரலாற்று மிகுபுனைவுகளை, அதாவது வரலாற்றோடு மாயமும் கலந்த கதைகளை, தேடித் தேடிப் படிப்பவன் நான். பெண்ணைத் தலைவியாகக் கொண்ட கடல் நாவல்கள் இப்போது அதிகம் வருவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால், அவற்றில் பலவற்றில் ஒரே குறை உறுத்துகிறது. முதல் அத்தியாயத்திலேயே அவள் நான்கு ஆண்களை வாளால் வீழ்த்திவிடுகிறாள். அதன்பின் கப்பலில் ஒருவனும் அவள் சொல்லைத் தட்டுவதில்லை. கடல் வெறும் நீலத்திரையாகப் பின்னால் தொங்குகிறது. என்னைக் கேட்டால், கடல் நாவலின் நாயகி எவ்வளவு வலிமையானவள் என்பதைக் காற்றும் குடிநீரும் மாலுமிகளின் பங்குப்பணமும்தான் காட்டித்தர வேண்டும்.

இந்தியப் பெருங்கடலையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஓட்டத்தின் காலத்தை முடிவு செய்தவை பருவக்காற்றுகள். வடகிழக்குக் காற்றில் அரபுக் கரைக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போன கப்பல், திரும்பி வரத் தென்மேற்குக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காற்றும் ஜூன், ஜூலை மாதங்களில் முழு வேகம் பிடித்துவிட்டால் இந்தியாவின் மேற்குக்கரைத் துறைகளை நெருங்கவே முடியாது. காற்றைத் தவறவிட்ட தலைவி ஏடனிலோ வேறு துறையிலோ மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பாள். சரக்கு தேங்கும், கடன் ஏறும், மாலுமிகள் வேறு கப்பல் தேடிப் போவார்கள். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடக் கூர்மையான நெருக்கடி வேறென்ன வேண்டும்? எந்தப் பூதமும் துரத்தாமலேயே கதை ஓடும்.

அவள் கையில் வாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு ராப்பலகையைக் கொடுத்துப் பாருங்கள். அரபு மாலுமிகள் கமால் என்றும், சோழமண்டலக் கரை மாலுமிகள் ராப்பலகை என்றும் சொன்ன அந்தக் கருவி, நடுவில் முடிச்சுகள் போட்ட கயிறு கோத்த சிறு மரப்பலகைதான். கயிற்றின் ஒரு முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை பலகையை முன்னே நீட்டி, கீழ்விளிம்பைத் தொடுவானத்தில் நிறுத்தி, துருவ நட்சத்திரம் மேல்விளிம்பைத் தொடுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் தெரிந்த ஒரு துறைமுகத்தில் அந்த நட்சத்திரம் நிற்கும் உயரத்துக்கு உரியது. மேகம் விலகும் ஒரு கணத்தில், ஆடும் தளத்தில் காலை ஊன்றி அவள் இதைச் செய்கையில், சுற்றி நிற்கும் மாலுமிகள் அவள் முகத்தையே பார்த்திருப்பதாக ஒரு காட்சி வைத்தால், அவள் ஏன் தலைவி என்று எனக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

தலைமை எப்படிக் கிடைக்கிறது, எப்படி நிலைக்கிறது என்பதற்கு வரலாற்றிலேயே ஒப்பற்ற முன்மாதிரி இருக்கிறது. தென்சீனக் கடலில் கொள்ளைக்கப்பல் கூட்டமைப்பை நடத்திய ஜெங் யி 1807இல் இறந்ததும், சிங் ஷி என்று பரவலாக அறியப்படும் அவருடைய மனைவி பொறுப்பை ஏற்றார். கணவரின் உறவினர்களை அணைத்துக்கொண்டு, தத்துப்பிள்ளையான ஜாங் பாவைப் படைத்தலைவனாக்கி, பின்னர் அவனையே மணந்தார். கைப்பற்றிய பொருள் அனைத்தும் கணக்கில் ஏற வேண்டும். பிடித்தவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு, மீதி பொதுக் கருவூலத்துக்கு. ஒளித்து வைப்பவனுக்குக் கடுந்தண்டனை. இந்தக் கணக்குப் புத்தகம்தான் அவரது ஆட்சி. 1810இல் சீன அரசுடனான சரணடைதல் பேச்சுவார்த்தை முறிந்து நின்றபோது, அவர் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, ஆயுதம் இல்லாமல், கேன்டன் நகரில் தலைமை ஆளுநரிடம் நேரில் போனார். உயிரையும் செல்வத்தையும் காத்துக்கொண்டு, ஜாங் பாவுக்கு அரசுப் படையில் பதவியும் பெற்றுத் தந்தார். எந்தக் கடற்போர்க் காட்சியைவிடவும் அந்த அறைக்குள் நுழையும் காட்சியைத்தான் நான் படிக்க விரும்புவேன்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாயகிகள் ஏன் எப்போதும் பத்தொன்பது வயதிலேயே இருக்கிறார்கள்? அயர்லாந்தின் கிரேஸ் ஓ'மாலி சிறைப்பட்ட மகனுக்காக 1593இல் எலிசபெத் அரசியை நேரில் சந்தித்தபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. 1599இல் டச்சுக் கப்பல் தலைவன் கார்னெலிஸ் டி ஹவுட்மனை எதிர்கொண்டதாகச் சொல்லப்படும், சுமாத்திராத் தீவின் அசே நாட்டுக் கடற்படைத் தலைவி மலஹயாத்தி, கணவரை இழந்த பெண்களைக் கொண்டு படை திரட்டியவர் என்பது அந்நாட்டு மரபு. பிள்ளை பெற்றவள், இழந்தவள், மூட்டு வலிப்பவள் கப்பல் நடத்தினால் அவள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் கனம் கூடுகிறது. ஆண் வேடம் போட்டுத் திரியும் இளம்பெண் கதைகள் போதுமான அளவு வந்துவிட்டன.

மாயத்துக்கு வருகிறேன். கடல் மிகுபுனைவில் மாயம் அந்தக் காலத்து மாலுமிகளின் நம்பிக்கையிலிருந்து முளைக்க வேண்டும் என்பதில் எனக்கு அசைக்க முடியாத பிடிப்பு உண்டு. ஆணி அறையாமல் தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டிய கடல் இது. ஏன் இரும்பாணி இல்லை என்ற கேள்விக்கு, இரும்பை எல்லாம் இழுத்துக்கொள்ளும் காந்தமலை கடலில் இருக்கிறது என்று அன்றைக்குக் கதை சொன்னார்கள். தொழில்நுட்பமும் அச்சமும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு டிராகனை இறக்குமதி செய்வானேன்? கடலைக் காக்கும் தெய்வங்களே எத்தனை பேர் பெண்கள்! சீன மாலுமிகளுக்கு மாசு என்னும் கடல் தேவி; நம் காப்பியங்களில், கப்பல் உடைந்து தத்தளித்த கோவலனின் முன்னோனைக் கரைசேர்த்த மணிமேகலா தெய்வம். இப்படிப் பெண் தெய்வத்தை வணங்கும் மாலுமிகள், பெண் ஒருத்தி சுக்கானைப் பிடிக்கும்போது எந்த முகத்துடன் அவளைப் பார்ப்பார்கள் என்பதை நுணுகி எழுதினால் நாவலின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, முடிவுகள். காதலுக்காகக் கரையேறுவது, அல்லது கப்பலோடு மூழ்குவது என்ற இரண்டையும் தாண்டி இந்த நாயகிகளுக்கு வழியே இல்லாததுபோல் எழுதுகிறார்கள். சிங் ஷி இரண்டையும் செய்யவில்லை. சரணடைந்த பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பிள்ளை பெற்று, மீண்டும் கணவனை இழந்து, சூதாட்ட விடுதி நடத்தி, 1844இல் ஏறத்தாழ எழுபது வயதில் இயல்பாக இறந்தார். அந்த முப்பது ஆண்டுகளை எழுதத் துணியும் நாவலாசிரியருக்காகக் காத்திருக்கிறேன்.