முதல் பணம் அளவுகருவிக்கே செல்ல வேண்டும்

காரின் இஞ்சின் கம்ப்யூட்டரைக் குறைந்த செலவில் தாங்களே டியூன் செய்துகொள்ள விரும்பும் தம்பிகள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். எந்த இசியூ (அந்த இஞ்சின் கம்ப்யூட்டர்) மலிவு, எந்தச் சர்க்யூட் பலகையை வாங்கலாம், எவ்வளவு குதிரைத்திறன் கூடும் என்பவையே அவர்களுடைய கேள்விகள். நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பெட்ரோல் கலவையை அளக்கச் சைலன்சர் குழாயில் பொருத்தும் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும், பற்றவைப்பு நேரத்தைப் பார்க்க ஒரு டைமிங் லைட்டும் உங்களிடம் இருக்கின்றனவா? இல்லையென்றால் இசியூவைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பழைய மாருதி 800-இல் நானே இரண்டு ஆண்டுகள் செய்த வேலையை வைத்து, அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கார்புரேட்டரில் காற்று ஓடும் வேகமே பெட்ரோலை உறிஞ்சிக் கலந்துவிடுகிறது. பெட்ரோலைத் தெளித்துக் கொடுக்கும் இன்ஜெக்ஷன் இஞ்சினில் அந்த வேலை முழுவதும் கணக்காக மாறுகிறது. மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்) உள்ளழுத்தம், அங்குள்ள காற்றின் வெப்பம், இஞ்சினின் சுழற்சி வேகம் ஆகியவை தெரிந்தால், பள்ளியில் படித்த வாயு விதியைக் கொண்டே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு காற்று சென்றிருக்கும் என்று கணித்துவிடலாம். ஆனால் வால்வுகளும் குழாய்களும் எந்த இஞ்சினையும் எல்லா வேகத்திலும் ஒரே அளவில் நிரம்ப விடுவதில்லை. எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பதை ஓர் அட்டவணையாக எழுதிக் கொடுத்தால்தான் இசியூ சரியான அளவு பெட்ரோலைத் தெளிக்க முடியும். நான் பயன்படுத்தும் மென்பொருளில் அது 16 கிடை வரிசை, 16 நெடு வரிசை, ஆக 256 கட்டங்கள். பற்றவைப்புக்கும் அதுபோலவே இன்னொன்று. டியூனிங் என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கட்டங்களில் சரியான எண்ணை நிரப்பும் வேலைதான். எண்ணை மாற்றுவது எளிது. மாற்றிய எண் சரியா என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணை மாற்றும் வசதி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு நாம் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இருவர் 2001-ஆம் ஆண்டு வாக்கில் மெகாஸ்குவர்ட் என்ற கருவியை உருவாக்கி, வாங்குபவரே உதிரிப் பாகங்களைப் பலகையில் சால்டரிங் செய்துகொள்ளும்படி கொடுத்தார்கள். பெரும்பாலும் பந்தய அணிகளே வாங்கக்கூடியதாக இருந்த ஒன்று அதன்பின் வீட்டுக் கொட்டகைக்குள் வந்தது. பிறகு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோஷ் ஸ்டூவர்ட், கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ மெகா 2560 பலகையில் ஓடும் ஸ்பீடுயினோவை எழுதி, அதன் நிரல் முழுவதையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்தார். வெறும் 8 பிட் சிப்பு எப்படி ஓர் இஞ்சினை ஓட்டும் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இஞ்சின் ஒரு டிகிரி திரும்ப எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 28 மைக்ரோ நொடி. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்தச் சிப்புக்கு அதற்குள் 440-க்கும் மேற்பட்ட துடிப்புகள் கிடைக்கின்றன. கவனமாக எழுதப்பட்ட நிரலுக்கு அது போதும். அந்த நிரலின் சில பகுதிகளை நான் வரிவரியாகப் படித்தேன். தொழிற்சாலை இசியூவில் அப்படி ஒரு வாய்ப்பு நமக்கு என்றுமே கிடைத்ததில்லை.

என் வண்டி கார்புரேட்டர் காலத்து 800; சிலிண்டர் மூன்று, 796 சிசி. கோயம்புத்தூர்க்காரனான எனக்கு அந்த இஞ்சின்மேல் தனிப் பற்று உண்டு. எங்கள் ஊரின் எஸ். கரிவரதன் அந்த மாருதி இஞ்சினை வைத்துத்தான் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டி, பணக்காரர் அல்லாத இளைஞர்களும் பந்தயத்துக்குள் நுழைய வழி செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் திடல் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்த வண்டியை இன்ஜெக்ஷனுக்கு மாற்றத் தேவையான த்ராட்டில் பாடியும் (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) சென்சார்களும் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் இருக்கைகளை லேத்தில் கடைந்து ஆர்கான் வெல்டிங் செய்து ஏற்றினோம். இஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்பதை இசியூவுக்குச் சொல்ல, 36 பற்களில் ஒன்றை விட்டு வெட்டிய சக்கரம் கிராங்க் புல்லியில் ஏறியது. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்துக்கொண்டு, அதற்குள் பற்றவைப்பு நேரத்தைத் தானாக மாற்றும் அட்வான்ஸ் பொறியமைப்பை மட்டும் அசையாமல் பூட்டிவிட்டேன். இதில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் பெட்ரோல் குழாய். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலில் அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்டருக்கு ஏறத்தாழ 3 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாயையும் பழைய கிளிப்பையும் அப்படியே விட்டு 3 பார் பம்பை ஓட்டுவது, சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் தீயை வைத்துக்கொள்வதற்குச் சமம். இசியூவும் வயரிங்கும் வெல்டிங்கும் சேர்த்து எனக்கு 34,000 ரூபாய் ஆயிற்று. பந்தயத்துக்கென்றே விற்கப்படும் வெளிநாட்டு இசியூக்கள் பல தனியாகவே லட்சத்தைத் தாண்டும்.

இனி நான் செய்த தவறு. பல் சக்கரத்தில் எந்தப் பல் சென்சாருக்கு நேராக வரும்போது முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்பதை மென்பொருளிடம் சொல்ல வேண்டும். நான் புல்லியைக் கையால் சுற்றி, பற்களை எண்ணி, அந்த எண்ணை எழுதினேன். இஞ்சின் ஸ்டார்ட் ஆயிற்று, ஐட்லிங்கும் சீராக இருந்தது. டைமிங் லைட் வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் ஓடுகிற வண்டிக்கு எதற்கு அவசரம் என்று தள்ளிப்போட்டேன். இஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இடையிடையே திணறியதை பாட்டரியின் பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன். திடலில் அரை நாள் ஓட்டினேன். தலைக்கவசமும் திறந்த சைலன்சரின் இரைச்சலும் நாக்கிங் சத்தத்தை (கலவை கட்டுமீறி வெடிக்கும் தட்டல் ஒலி) என் காதுக்கு வரவிடவில்லை. மாலையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் போல மினுக்கும் புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம்.

எண்ணியதில் ஒரு பல் தவறியிருந்தது. 36 பல் சக்கரத்தில் ஒரு பல் என்பது 10 டிகிரி. பிஸ்டன் உச்சியை எட்ட 28 டிகிரி இருக்கும்போது பொறி என்று திரை காட்டியபோதெல்லாம், இஞ்சினில் அது 38 டிகிரி முன்பே பாய்ந்துகொண்டிருந்தது. திரையில் தெரிந்த எண்ணை நான் உண்மை என்று நம்பியதால் மூன்று பிஸ்டன்களையும் மாற்ற நேர்ந்தது. டியூனர் ஸ்டுடியோ மென்பொருளில் பற்றவைப்பை 10 டிகிரியில் நிலையாகப் பூட்டி, டைமிங் லைட்டைப் புல்லியின் குறியில் அடித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பெட்ரோல் கலவை விஷயத்திலும் அளக்காமல் எதுவும் தெரியாது. பெரும்பாலான கார்களில் வரும் சாதாரண ஆக்சிஜன் சென்சார், கலவை சரியான புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மட்டுமே சொல்லும்; எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று சொல்லாது. பாஷ் எல்எஸ்யூ 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சார் அந்த விலகலையே எண்ணாகக் கொடுக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினுக்கு முழு த்ராட்டிலில் அந்த எண், அதாவது லாம்ப்டா (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்), 0.85 முதல் 0.88 வரை இருப்பது பாதுகாப்பானது. மெல்ல ஓட்டும்போது 1-ஐ ஒட்டி இருக்கலாம். சைலன்சர் முனையில் படிந்த கரியின் நிறத்தைப் பார்த்து ரிச் (பெட்ரோல் அதிகம்), லீன் (பெட்ரோல் குறைவு) என்று சொல்லும் அனுபவசாலிகளை நான் மதிக்கிறேன், அவர்களிடம் நிறையக் கற்றுமிருக்கிறேன். ஆனால் 0.86-க்கும் 0.95-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை, அதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்துபோகும் ஒரு நொடியில், எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இப்போது பம்பில் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 13.5-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டுகளோடு (பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைகள்) ஓடும் கார்புரேட்டர் வண்டி, யாரும் எதையும் தொடாமலேயே 7, 8 சதவீதம் லீன் ஆகிவிடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் சாதாரண ஓட்டத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வழி கிடையாது. பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு இந்த மலிவு இசியூக்கள் உண்மையில் பயன்படும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். லாம்ப்டா என்ற அளவு எந்தக் கலப்புக்கும் பொருந்தும். நாளை கலப்பு விகிதம் மாறினாலும் மீண்டும் அளந்து, அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம்.

விலைக்கு வாங்கும் மேப்புகளை, அதாவது யாரோ முன்பே நிரப்பிய அட்டவணைக் கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவர் தன் டீசல் காருக்கு ஒரு கடையில் பணம் கொடுத்து மேப் ஏற்றிக்கொண்டார். அந்தக் கோப்பில் எந்தக் கட்டம் எவ்வளவு மாற்றப்பட்டது என்று அவர் கேட்டபோது பதில் வரவில்லை. ஏற்றிய பிறகு ஒரு முறைகூட வண்டியை அளந்து பார்க்கவும் இல்லை. ஆறு மாதத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. இழுவிசையைக் கூட்டினால் கிளட்ச் அதைத் தாங்குமா என்று யாரும் அவரிடம் பேசவேயில்லை. வீட்டில் தானே கற்றுச் செய்பவனை ஆபத்தானவன் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கோப்பை வாங்கி ஏற்றுவதுதான் எனக்கு அதைவிட அச்சம் தருகிறது.

அன்றாடம் ஓட்டும் புதிய கார்களில் நான் கைவைக்க மாட்டேன். மற்றவர்களையும் வேண்டாம் என்றே சொல்கிறேன். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதைக் கண்காணிக்கும் சென்சார்களும் இசியூவோடு பின்னிப் பிணைந்தவை. அதிலிருந்து வரும் புகையை நம் தெருவில் நடப்பவர்கள் சுவாசிக்கிறார்கள். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. என் 800-ஐயும் நான் திடலுக்கு மட்டுமே, இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன்.

கல்லூரி மாணவர்கள் இதில் இறங்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தய வண்டிகளோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி எங்கள் கரி திடலில் நடக்கும்போது மாணவர் அணிகளின் கொட்டகைகளைச் சுற்றிப் பார்ப்பேன். கடன் வாங்கிய விலை உயர்ந்த இசியூவில் மூத்த மாணவர்கள் விட்டுப்போன மேப்பை அப்படியே ஓட்டும் அணிகளையும் பார்த்திருக்கிறேன், இரவெல்லாம் தாங்களே எழுதிய அட்டவணையை விடியற்காலையில் அளந்து திருத்தும் அணிகளையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டாம் வகை மாணவர்களிடம் ஏன் அந்தக் கட்டத்தில் 74 என்று கேட்டால் காரணத்தோடு பதில் வருகிறது.

புதிய பிஸ்டன்களோடு இஞ்சினைக் கட்டிய பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். டைமிங்கை லைட்டில் சரிபார்த்தேன், வைட்பேண்டைப் பொருத்தினேன், ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவு செய்து வீட்டில் உட்கார்ந்து படித்தேன். 256 கட்டங்களில் இதுவரை 190 அளவில் அளந்து உறுதி செய்திருக்கிறேன். அதிக வேகமும் முழுச் சுமையும் சேரும் வலது மேல் மூலை இன்னும் கணிப்பு எண்களோடுதான் இருக்கிறது. அந்த மூலையை அளக்கும்வரை இஞ்சினின் வேக வரம்பை 5,000-இல் பூட்டி வைத்திருக்கிறேன்.