பழைய சின்னக் காரும் ரப்பர் செலவும்

பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான். விற்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் "12 வருட வண்டி, 40,000கூடத் தாண்டவில்லை" என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுகிறார். அந்த வரியைப் படித்தால் எனக்குக் கலக்கமாகத்தான் இருக்கும். மீட்டரில் கை வைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் ஒருபுறம். (கிளட்ச் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்து கிடக்க, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?) மீட்டர் உண்மையே சொன்னாலும், பெரும்பாலும் ஓடாமல் நின்ற அந்த 12 வருடத்தில் வண்டியின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் பெரிய கவலை.

எஞ்சினின் இரும்பு அவ்வளவு சுலபத்தில் சாகாது. நேரத்துக்கு ஆயில் மாற்றி வந்த எளிய பெட்ரோல் எஞ்சின் 2 லட்சம் கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடும். கையைக் கடிப்பவை அதைச் சுற்றி இருப்பவை: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் குழாய்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிகள், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள், சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்கள், ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் பூட், டயர். நின்றிருந்தாலும் சூட்டிலும் வெயிலிலும் இவற்றுக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் ரப்பர் பட்டன் புதிதுபோல் இருக்கிறதே என்று மயங்குவதற்கு முன் அதைப் படியுங்கள்.

கூலன்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இரும்பு சாவது இந்த வழியாகத்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது மேல் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல குழாய் அமுங்கி உடனே எழும்பும். கிழடு தட்டியது விறைத்து நிற்கும், அல்லது கிளிப் அருகே ஊதிப்போய் கொழகொழத்திருக்கும். தொட்டியில் இருப்பது துருநிறத் தண்ணீர் என்றால், பல காலமாகக் கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். ஒரு குழாய் வெடித்து, வெப்ப முள் சிவப்புக்குப் போன பிறகும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விடும். வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைவதும், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காததும் அதற்கான அடையாளங்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு எவ்வளவு பேரம் பேசிக் குறைத்தாலும் அது லாபம் இல்லை.

எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்குவது ரப்பர் டைமிங் பெல்ட்டா, இரும்புச் செயினா என்று கேட்பவர்களே அபூர்வம். பெல்ட்டுக்கு நிறுவனம் கிலோமீட்டர் கெடு மட்டும் வைப்பதில்லை, பெரும்பாலும் வருடக் கெடுவும் வைத்திருக்கும். அந்த 40,000 வண்டி இந்த வருடக் கெடுவை எப்போதோ தாண்டியிருக்கலாம். பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் மோதும். அதற்குப் பிறகு பேச்சு பெல்ட்டைப் பற்றியதாக இருக்காது. செயின் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை என்பதும் கதைதான். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் நீண்டுபோய், காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது சில விநாடிகள் கடகடக்கும். வண்டி பார்க்கப் போகும்போது பானட்டைத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். நீங்கள் வருவதற்குள் யாரோ அதைச் சூடாக்கி வைத்திருந்தால், காரணம் இருக்கிறது.

இனி கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய காருக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள ஆயில் சீல் ஒரு சிறு ரப்பர் வளையம். அதை மாற்ற கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். காரின் உள்காற்றைக் குளிராக்கும் ஏசி எவாப்பரேட்டரில் கசிவு என்றால் பல வண்டிகளில் டாஷ்போர்டு முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். அதனால்தான் கியர்பாக்ஸ் இறங்கும்போதே கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், அந்த சீல் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்கிறேன். டைமிங் பெல்ட்டே ஓட்டும் வாட்டர் பம்ப் என்றால் பெல்ட்டோடு அதுவும். "இப்போதைக்கு இது மட்டும் போதும்" என்பவர் அதே கூலியை இரண்டு முறை கொடுக்கிறார்.

ஆக்சில் பூட் இதற்கு நேர் எதிர். சீக்கிரம் கண்ணில் பட்டால் சின்னச் செலவோடு முடியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். மடிப்பு மடிப்பான அந்த ரப்பர் உறை கிழிந்திருந்தால், சக்கரத்தின் உட்புறம் கறுப்பு க்ரீஸ் வளைவாகச் சிதறி ஒட்டியிருக்கும். அப்படியே விட்டால் க்ரீஸ் போன இடத்தில் மண் புகும். பிறகு திருப்பும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் வரும், அப்போது உறைக்குள் இருக்கும் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

டாஷ்போர்டில் எஞ்சின் கோளாறைக் காட்டும் விளக்கு எரியவில்லை என்பதையும் நம்பிவிட வேண்டாம். விற்பதற்கு முன் பிழைக் குறியீட்டை அழித்துவிடுவது எளிது. அப்படி அழித்திருந்தால், ஸ்கேனர் போடும்போது காரின் கணினி தன் சோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்று காட்டும். "நேற்றுதான் பேட்டரி மாற்றினோம்" என்றும் பதில் வரலாம், அது உண்மையாகவும் இருக்கலாம் (பேட்டரியைக் கழற்றினாலும் இப்படிக் காட்டலாம்). நாலைந்து நாள் ஓட்டிவிட்டு மீண்டும் காட்டச் சொல்லுங்கள்.

1,20,000 ஓடி, எதை எப்போது மாற்றினார்கள் என்ற பில் கட்டோடு வரும் வண்டியா, பில் எதுவும் இல்லாத அந்த 40,000 வண்டியா என்றால், யோசிக்காமல் முதலாவதையே எடுப்பேன். எடுத்தாலும், விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடத்துக்கென்று தனியாக வைத்திருப்பேன். பிரேக் ஆயிலும் கூலன்டும் வாங்கிய வாரத்திலேயே மாறிவிட வேண்டும். புதுக் கார் முதல் வருடத்தில் மதிப்பில் இழப்பதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு எனக்கு உறுத்துவதில்லை.

கைவிட வேண்டிய இடமும் உண்டு. கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தையோ சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தையோ துரு அரித்திருந்தால் அந்த வண்டியில் மேற்கொண்டு பணம் போடக் கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடான பிறகு உதறினால், ஆயிலை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால், பழுதை மறைக்காமல் சொல்லி கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.